ஆயிரம் பேர் இருந்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

பாட்டுக் கேட்காத மனிதர் உண்டோ? பேருந்தில் பாட்டு, தேநீர்க் கடையில் பாட்டு, காதுகுத்தென்றாலும் கோயில் கொடையென்றாலும் பாட்டு. ஆனால் அந்தப் பாட்டைக் கட்டியவர் வீட்டில் இன்று உலை கொதிக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நான் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெரிய பதிவு நிறுவனம் எதையும் சாராமல், இணையத்தின் வழியே தேடிக்கொண்ட ரசிகர்களை மட்டும் நம்பி ஓர் இசைக் கலைஞர் பிழைக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று காட்டியவர்கள் மேல்நாடுகளில் சிலர் உண்டு. அவர்கள் கதையை ஏதோ அதிர்ஷ்டக் கதைபோலச் சொல்வது வழக்கம். நான் கணக்கு மாணவி. ஆகவே கணக்காகவே சொல்ல முயல்கிறேன்.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். இசைக்குழு ஒன்றைப் பதிவு நிறுவனம் ஒப்பந்தம் செய்கிறது; முன்பணம் கொடுக்கிறது. கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முன்பணம் அன்பளிப்பன்று. ஒலிப்பதிவுச் செலவும் முன்பணமும் கலைஞருக்கு வர வேண்டிய பங்கிலிருந்து கழிக்கப்படும். கழிந்து முடியும் வரை அவர் கைக்கு விற்பனையிலிருந்து ஒரு காசும் வராது. ஓர் இசைத்தட்டு 10 டாலருக்கு விற்கிறது, அதில் கலைஞர் பங்கு 1 டாலர், நிறுவனம் போட்ட பணம் 1 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் தட்டு விற்ற பிறகுதான் அவருடைய முதல் டாலர் பிறக்கும். அதற்குள் நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் விற்பனை நடந்து முடிந்திருக்கும். அதன் பிறகும் அந்த ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடமே தங்கிவிடும். கடனை அடைத்த பிறகும் வீடு கடன் கொடுத்தவருக்கே சொந்தம் என்றால் நம் ஊரில் யாராவது ஒப்புக்கொள்வார்களா? இசையுலகம் பல பத்தாண்டுகளாக ஒப்புக்கொண்டு வந்தது. தட்டு அச்சிடவும், கடைகளுக்கு அனுப்பவும், வானொலியில் ஒலிக்கச் செய்யவும் வேறு வழி இல்லாததே காரணம்.

அந்தக் கட்டு முதன்முதலில் அவிழ்ந்த இடங்களில் ஒன்று இங்கிலாந்து. லண்டனுக்கு வடமேற்கே உள்ள அய்ல்ஸ்பரி என்னும் ஊரில் 1979-இல் தொடங்கிய இசைக்குழு மரிலியன். நீண்ட பாடல்கள், கதை சொல்லும் வரிகள், ராக் இசை. 1985-இல் ‘மிஸ்பிளேஸ்டு சைல்டுஹூட்’ என்னும் அவர்களது தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1988-இல் பாடகர் விலகினார்; மறு ஆண்டு ஸ்டீவ் ஹோகார்த் வந்து சேர்ந்தார். இசை மாறியது, காலமும் மாறியது, விற்பனை சரிந்தது. 1995-இல் ஈ.எம்.ஐ. நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. செய்தித்தாள்களின் கணக்கில் அத்துடன் அவர்கள் முடிந்துபோன கூட்டம்.

1997-இல் புதிய தொகுப்பு ஒன்றைச் சிறிய நிறுவனம் வழியாக வெளியிட்டார்கள். அமெரிக்க ரசிகர்கள், எங்கள் நாட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். குழுவில் கீபோர்டு வாசிக்கும் மார்க் கெல்லி ஒளிவு மறைவின்றிப் பதில் எழுதினார்: வந்தால் நட்டம், ஏறத்தாழ 60,000 டாலர் துண்டு விழும், அதைக் கொடுக்க எந்த நிறுவனமும் இல்லை. வேறு யாராயிருந்தாலும் அத்துடன் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் மின்னஞ்சலால் ஒருவரையொருவர் அறிந்திருந்த அந்த ரசிகர்கள், அப்படியானால் நாங்களே திரட்டுகிறோம் என்று கிளம்பினார்கள். ரசிகர் ஒருவர் வங்கியில் தனிக் கணக்குத் தொடங்கினார். குழுவினர் அந்தப் பணத்தைத் தொடவில்லை. திரட்டும் வேலையும் அவர்களுடையதன்று. ஏறத்தாழ 60,000 டாலர் சேர்ந்தது. 1997-இலேயே மரிலியன் அமெரிக்கா சென்று வாசித்தது. பணம் தந்தவர்கள் நுழைவுச் சீட்டையும் தனியே காசு கொடுத்தே வாங்கினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவர்கள் கொடுத்தது சீட்டுக்கான விலையன்று. குழு வருவதற்கான வழிச்செலவு. ராச்செஸ்டர் நகரக் கச்சேரியின் ஒலிப்பதிவு மறு ஆண்டு அவர்களுக்கு நன்றியாக அனுப்பப்பட்டது.

கூட்டு நிதி திரட்டல் என்று இன்று எல்லாரும் பேசுகிறார்கள். கிக்ஸ்டார்ட்டர் தளம் 2009-இல்தான் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னரே இது நடந்து முடிந்துவிட்டது.

இதன் பிறகு அவர்கள் செய்ததுதான் என் கருத்தில் முதல் நிகழ்ச்சியைவிடப் பெரியது. திரும்பி வந்தவர்கள் முகவரி சேர்க்கத் தொடங்கினார்கள். 1999-இல் வெளியிட்ட தொகுப்புக்கு ‘மரிலியன் டாட் காம்’ என்று தங்கள் இணைய முகவரியையே பெயராக வைத்தார்கள். வாங்கியவர்கள் எழுதிக் கேட்டால் இன்னொரு குறுவட்டு இலவசம் என்று அறிவித்தார்கள். எழுதிக் கேட்பவர் முகவரி கொடுத்துத்தானே ஆக வேண்டும்! பலசரக்குக் கடைக்காரர் தீபாவளிக்கு நாட்காட்டி கொடுத்து வாடிக்கையாளரைக் கையில் வைத்துக்கொள்வதைப் போன்ற உத்திதான் இது. இப்படிச் சேர்ந்த ரசிகர்களிடம் அடுத்த தொகுப்பு பற்றி ஒரு கேள்வி அனுப்பினார்கள்: இன்னும் ஒரு பாட்டுக்கூடப் பதிவாகாத தொகுப்புக்கு இப்போதே விலை கொடுப்பீர்களா? 12,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் 2001-இல் ‘அனோராக்னோஃபோபியா’ வெளிவந்தது. முன்பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அதன் சிறப்புப் பதிப்பில் அச்சாகின.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தத் தட்டைக் கடைகளுக்குக் கொண்டு சென்றது யார்? ஆறு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட அதே ஈ.எம்.ஐ. நிறுவனம்! ஆனால் இம்முறை ஒலிப்பதிவின் உரிமை குழுவிடமே இருந்தது. விற்பதற்கான உரிமத்தை மட்டுமே நிறுவனம் பெற்றது. முன்பணத்துக்குக் கைநீட்டத் தேவையில்லாதவர் பேரம் பேசலாம். ரசிகர் தந்த பணம் ஒலிப்பதிவுக் கூடத்து வாடகையை மட்டும் கட்டவில்லை. மேசைக்கு எதிர்ப்புறம் நிமிர்ந்து உட்காரும் நாற்காலியையும் வாங்கிக் கொடுத்தது.

மரிலியனுக்கு ஏற்கெனவே புகழ் இருந்ததே, ஒன்றுமில்லாதவர் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஜோனதன் கோல்ட்டன் கதையைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் கணினி மென்பொருள் எழுதும் வேலையில் இருந்தவர். 2005-இல் வேலையை விட்டுவிட்டு, வாரம் ஒரு பாட்டு என்று ஓராண்டு தொடர்ந்து எழுதிப் பதிவு செய்து இணையத்தில் வெளியிட்டார். 52 பாட்டு. எல்லாம் நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. வாரா வாரம் எழுதினால் சிலது சவலையாகத்தான் பிறக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் அவரிடமிருந்து ஒரு பாட்டு வரும் என்ற பழக்கம் கேட்பவர்களுக்கு ஏற்பட்டது. அலுவலகத்தில் குமையும் நிரலாளரைப் பற்றிய ‘கோடு மங்கி’ என்னும் பாட்டு 2006-இல் கணினித் துறையினரிடையே பரவியது. தம் பாட்டுகளை யாரும் எடுத்து, வணிக நோக்கமில்லாமல் படம் சேர்த்து வெளியிடலாம் என்று அவர் அனுமதி தந்திருந்தார். ஆகவே ரசிகர்களே படம் செய்தார்கள்; அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பாட்டைத் தேடி வந்தார்கள்.

அவர் ஊர் ஊராகப் போன முறை எனக்கு மிகவும் பிடித்தது. எந்த ஊரில் கச்சேரி வேண்டும் என்று ரசிகர்கள் தங்கள் ஊரைக் குறித்துப் பதிவு செய்ய ஓர் இணையச் சேவை இருந்தது. அதைப் பார்த்து, போதிய ஆட்கள் கேட்ட ஊருக்கு மட்டுமே அவர் போனார். காலி நாற்காலிகளுக்கு முன் பாடிவிட்டுக் கைக்காசில் திரும்பும் அவலம் இல்லை. 2007-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழ் அவரைப் பற்றி எழுதியபோது மாதம் 3,000 முதல் 5,000 டாலர் வரை வருமானம் என்று குறித்தது. ஒரு நடுத்தரக் குடும்பத்து வருமானம், அவ்வளவுதான். ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதிலேயே அவர் பொழுதில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்ததையும் அதே கட்டுரை சொன்னது. பாட்டு எழுத நேரம் வேண்டித்தான் வேலையை விட்டார்; அந்த நேரத்தைக் கடிதம் தின்றது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2008-இல் கெவின் கெல்லி என்னும் அமெரிக்க எழுத்தாளர் ‘ஆயிரம் உண்மை ரசிகர்கள்’ என்ற கருத்தை வெளியிட்டார். நீங்கள் எதைச் செய்தாலும் வாங்குபவர், ஊர் விட்டு ஊர் வந்து கேட்பவர்தான் உண்மை ரசிகர். அப்படிப்பட்டவர் ஆண்டுக்கு 100 டாலர் செலவழித்தால், ஆயிரம் பேரால் 1 லட்சம் டாலர். செலவு போனாலும் ஒருவர் வாழலாம். கோடிப் பேர் தேவையில்லை, ஆயிரம் பேர் போதும் என்பது அவர் வாதம். ஆனால் ஒரு நிபந்தனை: பணம் இடையில் யாரிடமும் நிற்காமல் நேரே கலைஞரிடம் வர வேண்டும்.

இதையே இன்று நாம் பாட்டுக் கேட்கும் வழியில் போட்டுப் பாருங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஒரு முறை பாட்டு ஒலித்தால் உரிமையாளருக்குக் கிடைப்பது அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு என்று பல கலைஞர்கள் தங்கள் கணக்கை வெளியிட்டிருக்கிறார்கள். அந்த விகிதத்தில் 1 லட்சம் டாலருக்கு 3 கோடி முறை ஒலிக்க வேண்டும்! ஆயிரம் பேர் மட்டுமே கேட்பதானால் ஆளுக்கு 30,000 முறை. நாள்தோறும் எண்பது தடவைக்கு மேல். அவ்வளவு அன்பு எவருக்கும் வராது. வந்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. நான் சந்தா கட்டி மாதம் முழுவதும் ஒரே ஒரு கலைஞரை மட்டும் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பணம் முழுவதும் அவருக்கா போகிறது? இல்லை. எல்லார் சந்தாவும் ஒரே அண்டாவில் கொட்டப்படுகிறது. நிறுவனத்தின் பங்கு போக மீதி, மொத்தத்தில் யார் பாட்டு எத்தனை விழுக்காடு ஒலித்ததோ அந்த விகிதத்தில் பிரிக்கப்படுகிறது. ஆகவே என் காசில் பெரும்பகுதி நான் ஒருமுறைகூடக் கேட்டிராத பெரும்புள்ளிகளுக்குப் போய்ச் சேருகிறது. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூட ஒலிக்காத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவுப் பங்கு கிடையாது. 2008-இல் தோன்றிய பேண்ட்கேம்ப் வேறு மாதிரி. அது கடை, ரசிகர் பாட்டை விலைக்கு வாங்குகிறார், தளம் நூற்றுக்கு 15 எடுத்துக்கொள்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கு. கொரோனாவால் அரங்குகள் மூடிய 2020 மார்ச் 20 அன்று ஒரு நாள் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். அன்று மட்டும் ரசிகர்கள் வாங்கியது 43 லட்சம் டாலருக்கு!

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதற்கு? என் அண்ணனுக்காக. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்போடு நின்று இரு சக்கர வாகனப் பட்டறையில் சேர்ந்தவர் அண்ணன். அவர் நின்றதால்தான் நான் படிக்கிறேன். இரவில் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். மேடையில் சினிமாப் பாட்டு, வீட்டில் தானே கட்டிய பாட்டு. நான்கு பாட்டைப் பதிவு செய்ய ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் 80,000 ரூபாய் கேட்டார்கள். அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கத் தயாரானார். “யூடியூபில போட்டா லட்சம் பேர் பார்ப்பாங்க. நீதான் படிக்கிற பிள்ள, கணக்குப் போட்டுச் சொல்லும்மா” என்றார் அண்ணன்.

போட்டேன். லட்சம் பேர் பார்த்தாலும் வட்டிகூடக் கட்டாது என்று தெரிந்தது. ஆனால் அண்ணனிடம் ஒரு நோட்டு இருந்தது. கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் வந்து, நடுவில் வாசித்தீர்களே, அது எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டவர்களின் தொலைபேசி எண்களை அதில் எழுதி வைத்திருந்தார். 43 பேர். மரிலியன் முகவரிப் பட்டியலைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அந்த நோட்டுத்தான் நினைவுக்கு வந்தது. நான்கு பாட்டு வேண்டாம், ஒரு பாட்டு. அதற்கு ஆளுக்கு 200 ரூபாய் முன்கூட்டியே தருவார்களா என்று 43 பேரையும் கேட்கச் சொன்னேன். 26 பேர் கொடுத்தார்கள், 5,200 ரூபாய். ஒரு பாட்டுக்குக் கூடத்தில் கேட்பது 18,000. இன்னும் பாதித் தூரம்கூட ஆகவில்லை. நோட்டில் இப்போது 70 பேர் இருக்கிறார்கள். இதை எழுதும் வரை சங்கிலி அம்மா கழுத்தில்தான் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஆண்டுக்கு 300 ரூபாய் தரும் ஆயிரம் பேர் இருந்தால் 3 லட்சம், மாதம் 25,000. அதற்கு எத்தனை திருவிழா, எத்தனை ஆண்டு என்று அண்ணன் கேட்கிறார். அந்தக் கணக்குக்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

ரசிகரை நம்பி வாழ்வதில் தொல்லை இல்லையென்று யாரும் எண்ண வேண்டாம். கெல்லியின் கருத்து வெளிவந்த உடனே, கலிபோர்னியாவைச் சேர்ந்த ராபர்ட் ரிச் என்னும் மூத்த இசைக் கலைஞர் அவருக்கு நீண்ட மறுமொழி எழுதினார். பல்லாண்டுகளாக அத்தகைய ரசிகர்களை நம்பியே வாழ்பவர் அவர். வருமானம் மெலிவானது; பயண ஏற்பாடு முதல் பொருள் அனுப்புவது வரை எல்லாம் தன் தலையில். அதைவிடப் பெரிய இடர், ரசிகர்கள் பழகிய இசையையே மீண்டும் மீண்டும் எதிர்பார்ப்பது. முதலாளி ஒருவராக இருந்தால் சண்டை போட்டு விலகலாம். ஆயிரம் முதலாளிகளும் அன்பாகவே கேட்கும்போது எப்படி மறுப்பது?

அமெரிக்கப் பாடகி அமாண்டா பால்மர் அனுபவம் இன்னொரு வகை. அவருடைய குழுவின் தொகுப்பு சில வாரங்களில் 25,000 தட்டுகள் விற்றபோது அதைத் தோல்வி என்றே நிறுவனம் கருதியதாக அவர் 2013-இல் ஒரு மேடையில் சொன்னார். நிறுவனத்தை விட்டு வெளியேறி, 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக அடுத்த தொகுப்புக்குப் பணம் கேட்டார். கேட்டது 1 லட்சம் டாலர். வந்தது ஏறத்தாழ 12 லட்சம். கொடுத்தவர்கள் எத்தனை பேர்? 24,883. கிட்டத்தட்ட அதே 25,000! ஒரே எண்ணிக்கை, பழைய முறையில் தோல்வி, புதிய முறையில் வெற்றி. மேலே நான் போட்ட தட்டுக் கணக்கை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள், காரணம் விளங்கும். ஆனால் அதே ஆண்டு, சுற்றுப்பயணத்தில் அந்தந்த ஊர் வாத்தியக்காரர்களைக் கூலியின்றி வந்து வாசிக்க அழைத்தார் என்று கடும் கண்டனம் எழுந்தது. பின்னர் கூலி கொடுத்தார். அந்தக் கண்டனம் சரியே என்பது என் கருத்து. ரசிகரின் அன்பு பாட்டுக்காரருக்குச் சோறு போடலாம். பக்கத்தில் வயலின் வாசிப்பவருக்கு அவர்தான் கூலி கொடுக்க வேண்டும்.

கடைசியாகத் தளங்களைப் பற்றி ஒரு சொல். மைஸ்பேஸ் என்னும் தளம் ஒரு காலத்தில் புதிய இசைக்குழுக்களின் தாய்வீடாக விளங்கியது. 2015-க்கு முன் அதில் ஏற்றப்பட்ட பாட்டுகள் அழிந்துபோயின என்று 2019-இல் தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் இசை. பேண்ட்கேம்ப் 2022-இல் ஒரு நிறுவனத்துக்கும் 2023-இல் இன்னொன்றுக்கும் கைமாறியது. அங்கெல்லாம் லட்சம் ரசிகர் சேர்த்தவரும் வாடகைக் குடியிருப்பில் இருப்பவரே. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் கையில் எடுத்துப் போகக் கூடியது, ரசிகர் தாமே கொடுத்த முகவரியும் தொலைபேசி எண்ணும்தான். மரிலியன் அந்தப் பட்டியலை விடவில்லை. 2002 முதல் ரசிகர்களை ஓரிடத்தில் கூட்டி வார இறுதி முழுவதும் வாசிக்கும் விழாவை நடத்தத் தொடங்கினார்கள். 2004-இல் ‘மார்பிள்ஸ்’ தொகுப்புக்கும் முன்பணம் கேட்டார்கள். அதிலிருந்து ஒரு பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் ஏழாம் இடம் வரை ஏறியது. 2022-இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு அதே நாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. நிறுவனம் அவர்களைக் கைவிட்டு அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.